ஏழு பேர் ஊமையான கதை

ஒருவர் ஒரு நாவலை மொழிபெயர்க்க எடுத்துக்கொள்கிறார். கதையில் கை வைக்கவில்லை. சம்பவம் எல்லாம் இருக்கிறது, சண்டை இருக்கிறது, முடிவு இருக்கிறது. ஆனால் கதை மாந்தர் வழியில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் பேச்சை மட்டும் பக்கம் பக்கமாக உருவி எடுத்துவிட்டார். கேட்டால், "கதை புரிகிறதா இல்லையா? அப்புறம் என்ன?" என்கிறார். இவரை நாம் மொழிபெயர்ப்பாளர் என்போமா, வேறு ஏதாவது சொல்வோமா?

நான் பேச வந்தது நாவலைப் பற்றி அல்ல, ஒரு வீடியோ கேமைப் பற்றி. இந்த இடத்தில் சிலர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவீர்கள் என்று தெரியும். சென்ற மாதம் கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோது பழைய சகா ஒருவர், "எழுபத்து மூன்று வயசுல பொம்மை வெச்சு விளையாடறீங்களாமே?" என்று கேட்டார். அவர் தினமும் நாலு மணி நேரம் தொலைக்காட்சித் தொடர் பார்க்கிறவர். அதில் ஒரே மாமியார் ஆறு வருடமாக ஒரே மருமகளுக்கு விஷம் வைத்துக்கொண்டிருக்கிறாள். என் பொம்மையில் கதை ஒழுங்காக முடிகிறது. அந்தச் சண்டையை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜப்பானில் 'டிராகன் குவெஸ்ட்' என்று ஒரு வரிசை உண்டு. முதல் விளையாட்டு 1986 மே மாதம் வந்தது. அதை அமைத்து எழுதியவர் யூஜி ஹோரி. உருவங்கள் வரைந்தவர் அகிரா தோரியாமா, 2024-ல் காலமானார். இசை கோய்ச்சி சுகியாமா, அவரும் 2021-ல் தொண்ணூறு வயதில் போய்விட்டார். நாம் ஒரு கதாபாத்திரமாக இருந்துகொண்டு ஊர் ஊராகப் போகவேண்டும், ஊராரிடம் பேசவேண்டும், பூதங்களோடு சண்டை போடவேண்டும், காசு சேர்த்துக் கத்தி கேடயம் வாங்கவேண்டும். சுருக்கமாக இவ்வளவுதான். விக்கிரமாதித்தன் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இதில் அந்நியமானது ஒன்றும் இல்லை.

ஹோரியைப் பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும். அந்தக் காலத்து அட்டையில் இடம் மிகவும் குறைவு. முதல் விளையாட்டு முழுவதும் 64 கிலோபைட். இன்று நம் வாட்ஸப்பில் காலையில் வந்து விழும் ஒரு 'குட் மார்னிங்' ரோஜாப்பூப் படம் அதைவிடப் பெரியது. எழுத்துகளுக்கே இடம் போதவில்லை. ஜப்பானியர் வெளிநாட்டுச் சொற்களை எழுதப் பயன்படுத்தும் கத்தகானா எழுத்துகளில் இருபதே இருபதைத்தான் அந்த அட்டையில் வைக்க முடிந்தது. ஊர்ப் பெயர், மந்திரத்தின் பெயர், பூதத்தின் பெயர் எல்லாவற்றையும் அந்த இருபதுக்குள் அடங்கும்படி அவர் தேர்ந்தெடுத்தார். க, ச, ட, ம என்று நாலைந்து வரிசையை மட்டும் கையில் கொடுத்து ஒரு புராணம் எழுதச் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படிச் சொல் சொல்லாக எண்ணிப் பழகிய மனிதர் அவர். அவர் ஒரு வாக்கியத்தை உள்ளே வைத்தால் அது சும்மா வந்து உட்கார்ந்த வாக்கியமாக இருக்காது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது விளையாட்டு 1990 பிப்ரவரியில் ஃபாமிகாம் என்ற பெட்டிக்கு வந்தது. இதன் அமைப்பு வேறு மாதிரி. ஐந்து அத்தியாயம். முதல் நாலு அத்தியாயத்திலும் நாயகனைக் காட்டவே மாட்டார்கள். (பெயர்கள் மொழிக்கு மொழி மாறுகின்றன. நான் ஆங்கிலப் பதிப்பில் உள்ளவற்றையே எழுதுகிறேன்.) முதலில் ராக்னர் என்ற அரண்மனைச் சிப்பாய், காணாமல் போகும் குழந்தைகளைத் தேடிப் போகிறான். இரண்டாவது, அரண்மனைச் சுவரை உடைத்துக்கொண்டு கிளம்பும் அலேனா என்ற இளவரசி. அவள் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடும் போர்யா என்ற கிழட்டு ஆசான், அவளை மனதுக்குள் விரும்பும் கிரில் என்ற பாதிரி. நான்காவது, மாயா, மீனா என்ற சகோதரிகள். அக்காள் நடனமாடுகிறவள், சூதாட்டப் பைத்தியம். தங்கை குறி சொல்கிறவள். அப்பாவைக் கொன்ற சீடனைத் தேடிக்கொண்டு போகிறார்கள். அந்த அப்பாவின் பெயர் ஆங்கிலப் பதிப்பில் மகாபலா. எங்கிருந்து எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது பாருங்கள்.

மூன்றாவதைத் தாண்டிவிட்டேன் என்று நினைக்கவேண்டாம், வேண்டுமென்றுதான் கடைசியில் வைத்தேன். அதில் நாயகன் தோர்னெக்கோ. தொந்தியும் தொப்பையுமான நடுத்தர வயது ஆள். வேறொருவர் ஆயுதக் கடையில் வேலை பார்க்கிறான். காலையில் பெண்டாட்டி கையில் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்து அனுப்புகிறாள். கடையில் நின்று வருகிறவர்களுக்குச் சாமான் விற்கவேண்டும். மாலையில் முதலாளி பங்கைக் கணக்குப் பார்த்துக் கொடுப்பார். அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து தூங்கவேண்டும். மறுநாளும் அதே. வீரதீரக் கதை விளையாட்டில் ஒரு முழு அத்தியாயம் இது! பூதங்களைக் கொல்லப் போகிறவர்களின் கதைக்கு நடுவில், சொந்தமாக ஒரு கடை போடவேண்டும் என்பதற்காக மட்டும் ஊரை விட்டுக் கிளம்புகிற ஒருவனை 1990-லேயே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். முப்பத்தெட்டு வருடம் காலையில் டிபன் பாக்ஸோடு சைக்கிளில் அலுவலகம் போன எனக்கு இவனைப் பிடிக்காமல் யாரைப் பிடிக்கும்? ஜப்பானியருக்கும் பிடித்துப்போய், 1993-ல் இவனுக்கென்றே தனியாக ஒரு விளையாட்டு வந்தது.

ஐந்தாவது அத்தியாயத்தில்தான் நாயகன். அவன் ஊரை பூதங்கள் அழிக்கின்றன. கூடவே வளர்ந்த எலைசா என்ற பெண், மந்திரத்தால் அவன் உருவத்தை எடுத்துக்கொண்டு அவனுக்குப் பதிலாகச் சாகிறாள். அவன் பாதாள அறையில் ஒளிந்துகொண்டு மேலே கேட்கும் சத்தத்தை மட்டும் கேட்கிறான். பிறகு வெளியே வந்தால் ஊரே இல்லை. அங்கிருந்து தனியாக நடக்க ஆரம்பித்து, முந்திய நாலு அத்தியாயத்தில் நாம் பழகிய ஏழு பேரையும் ஒவ்வொருவராகச் சேர்த்துக்கொள்கிறான். குதிரை வண்டி ஒன்றும் கிடைக்கிறது. எட்டுப் பேரும் அதில் உலகம் சுற்றுகிறார்கள்.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று. இந்த வரிசையில் நாயகன் வாயே திறக்கமாட்டான். அவன் இடத்தில் நாம் இருக்கிறோம், நாம் பேசுவதை அவன் பேசக்கூடாது என்பது ஹோரியின் ஏற்பாடு. சரி. அப்படியானால் பேச்சு முழுவதும் கூட வருகிறவர்களிடமிருந்துதான் வந்தாகவேண்டும்.

1990-ல் அட்டையில் இடம் இல்லை. ஆனால் ஹோரியும் செய்து கொடுத்த சுன்சாஃப்ட்காரர்களும் வேறொரு வழி பார்த்தார்கள். ஐந்தாம் அத்தியாயத்தில் கூட்டாளிகளுக்கு நாம் உத்தரவு போட முடியாது! "உயிரைப் பார்த்துக்கொள்ளுங்கள்", "மந்திரம் வேண்டாம்" என்று பொதுவாக ஒரு போக்கைச் சொல்லலாம், அவ்வளவுதான். அடிப்பதா, மருந்து போடுவதா என்பதை அவரவரே முடிவு செய்வார்கள். இதில் கிரில் பாதிரி பெரிய பேர் வாங்கிவிட்டார். தலைமைப் பூதத்தின் மேல் பலிக்காத மரண மந்திரத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருப்பார். எல்லோரும் ரத்தம் சிந்திக்கொண்டிருக்க, இவர் மட்டும் அதே மந்திரம். ஜப்பானில் ஒரு தலைமுறையே இவரைத் திட்டிக்கொண்டு வளர்ந்தது. திட்டினார்கள், ஆனால் மறக்கவில்லை. கிரில் ஓர் ஆள் ஆகிவிட்டார். சொன்ன பேச்சைக் கேட்காத பிள்ளையைத்தானே வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டிருப்பார்கள்?

2001-ல் இதே விளையாட்டை ஹார்ட்பீட் என்ற நிறுவனம் பிளேஸ்டேஷனுக்காகப் புதிதாகச் செய்தது. அதில் கூட்டாளிகளுக்கு உத்தரவு போடும் வசதியைக் கொடுத்தார்கள். கிரில் இனி சொன்னதைச் செய்வார். ஆனால் அதற்கு ஈடாக வேறொன்றும் வைத்தார்கள். அதுதான் இந்தக் கட்டுரையின் பொருள். சண்டை இல்லாத நேரத்தில், எந்த இடத்திலும், ஒரு பொத்தானை அழுத்தினால் கூட இருப்பவர்கள் பேசுவார்கள். புதிய ஊருக்குள் நுழைந்தால் அதைப் பற்றி. ஊர்க்காரர் யாரிடமாவது பேசிவிட்டு அழுத்தினால் அந்த ஆளைப் பற்றி. ஒரு ராஜா பொய் சொன்னால் அவர் காதில் விழாமல் இவர்கள் குசுகுசுப்பார்கள். அழுத்த அழுத்த ஒவ்வொருவராக வாயைத் திறப்பார்கள். போர்யாவின் முணுமுணுப்பு, அலேனாவின் பொறுமையின்மை, தோர்னெக்கோவின் கணக்கு, மாயாவின் குத்தல், மீனாவின் கண்டிப்பு, எல்லாம் அங்கேதான் இருக்கிறது. கதை நகர இது தேவையில்லை. வண்டிக்குள் உயிர் இருக்கிறது என்று தெரிய இதுதான் தேவை.

அந்த 2001 பதிப்பு ஜப்பானை விட்டு வெளியே போகவில்லை.

பிறகு 2007 நவம்பரில் நிண்டெண்டோ டிஎஸ் என்ற கைப்பெட்டிக்கு, ஆர்ட்டெபியாசா என்ற நிறுவனத்தின் கைவண்ணத்தில் மீண்டும் வந்தது. மூக்குக் கண்ணாடிப் பெட்டி மாதிரி திறந்து மூடும் சாதனம், மேலே ஒரு திரை, கீழே ஒரு திரை. உலகம் முழுவதும் பதினைந்து கோடிக்கு மேல் விற்றது என்றால் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். ஊர்களை அதில் சுற்றிச் சுற்றித் திருப்பிப் பார்க்கலாம், வீட்டின் பின்பக்கம் ஒளிந்திருக்கும் பானை தெரியும். அழகான வேலை, குறை சொல்ல மாட்டேன். ஜப்பானியப் பதிப்பில் கூட்டாளிகளின் பேச்சும் அப்படியே இருந்தது.

2008 செப்டம்பரில் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் வந்தபோது அது இல்லை.

பொத்தானை அழுத்தினால் யாரும் பேசுவதில்லை. கதைக்குக் கட்டாயமான காட்சிகளில் இரண்டொரு வார்த்தை சொல்கிறார்கள். மற்ற நேரத்தில் எட்டுப் பேர் வாயில் கொழுக்கட்டையோடு குதிரை வண்டியில் உலகம் சுற்றுகிறார்கள்.

என் மகள் வயிற்றுப் பேரன் பிரான்சில் வளர்ந்தவன். விடுமுறைக்கு வந்தபோது தன் பழைய டிஎஸ் பெட்டியையும் நாலைந்து அட்டைகளையும் இங்கேயே விட்டுப் போனான். அதில் இது ஒன்று. ஐரோப்பிய அட்டை என்பதால் பிரெஞ்சிலும் படிக்கலாம், தலைப்பு 'லெப்போப்பே தேஸ் எலு'. நமக்கு அந்த மொழி கை வந்தது ஆயிற்றே, உட்கார்ந்தேன். நன்றாகவே போயிற்று. தொலைபேசியில் அவனிடம் புகழ்ந்து சொன்னபோதுதான், "தாத்தா, உங்களுக்குத் தெரியாதா? ஜப்பான் பதிப்புல இவங்க எல்லாரும் பேசிக்கிட்டே வருவாங்க. நமக்குக் கொடுத்ததுல எடுத்துட்டாங்க" என்றான். அவன் சொன்ன தோரணையில் கோபமே இல்லை. மழை பெய்தது என்பது போலச் சொன்னான். எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் கெட்டது.

ஐரோப்பாவுக்கு இந்த முதன்மை வரிசையில் முதலில் போனதே எட்டாவது விளையாட்டு, 2006-ல். அதற்கு முந்தியது எதையும் பிரெஞ்சுப் பிள்ளைகள் கண்ணால் பார்த்ததில்லை. நான்காவதுக்காகப் பதினெட்டு வருடம் காத்திருந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினெட்டு வருடம் கழித்துப் பந்தியில் உட்கார வைத்து, இலை போட்டு, சோறு வைத்து, குழம்பை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டார்கள். சோறு வயிற்றை நிரப்பாதா என்று கேட்டால் நிரப்பும்தான்.

இதற்குச் சொல்லப்படும் சமாதானங்களைப் பார்ப்போம். முதலாவது, "அது கட்டாயம் இல்லாத பேச்சு. அழுத்தினால்தான் வரும். இல்லாமலும் முடிக்கலாம்." இந்தத் தர்க்கத்தை நான் அலுவலகத்தில் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். கோப்பில் இணைப்பு இல்லையே என்றால், "மெயின் லெட்டர் இருக்குல்ல?" என்பார்கள். முடிப்பதற்குத் தேவையானது மட்டும்தான் விளையாட்டு என்றால் தோர்னெக்கோ மூன்றாம் அத்தியாயத்தில் கடையில் நிற்கவேண்டிய அவசியம் என்ன? பெண்டாட்டி பொட்டலம் கட்டிக் கொடுக்கவேண்டிய அவசியம் என்ன? அந்த அத்தியாயத்தையே எடுத்துவிட்டு, "தோர்னெக்கோ என்று ஒரு வியாபாரி வந்து சேர்ந்தார்" என்று ஒரு வரி போட்டால் ஆயிற்று. தேவை என்ற கத்தியை எடுத்தால் அது எங்கேயும் நிற்காது.

இரண்டாவது, "மொழிபெயர்க்க நிறைய ஆகும், ஐந்து மொழிக்கும் செய்யவேண்டும்." வேலை அதிகம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பாருங்கள், அதே ஆட்கள் வேறொரு வேலைக்கு நேரம் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆங்கிலப் பதிப்பில் ராக்னரின் ஊரார் ஸ்காட்லாந்துக் கொச்சையில் பேசுகிறார்கள், அலேனாவின் நாட்டார் ருஷ்யர் ஆங்கிலம் பேசுவது போலப் பேசுகிறார்கள். ஊருக்கு ஊர் ஒரு வட்டார வழக்கு. ஒவ்வொரு தெருக்காரனுக்கும் நாக்கைத் திருகித் திருகி எழுத முடிந்தவர்களுக்கு, கூடவே வரும் ஏழு பேருக்கு நாக்கு கொடுக்க முடியவில்லையாம். அடுத்த ஆண்டு, 2009-ல், ஐந்தாவது விளையாட்டை இதே பெட்டிக்குக் கொண்டுவந்தபோது கூட்டாளிகளின் பேச்சு இருந்தது. ஆறாவதிலும் இருந்தது. ஆகவே முடியாத காரியம் இல்லை. நான்காவதற்குச் செய்யவில்லை, அவ்வளவுதான். மூன்று பிள்ளைகளில் ஒன்றுக்கு மட்டும் தீபாவளிக்குச் சட்டை எடுக்காத வீடு மாதிரி.

மூன்றாவதாக ஒரு கட்சி இருக்கிறது, அவர்கள்தான் எனக்கு அதிகம் எரிச்சல் ஊட்டுகிறவர்கள். "இது வெறும் விளையாட்டு. இலக்கியம் போல இதற்கெல்லாம் பிரதி சுத்தம் பார்ப்பார்களா?" என்கிறார்கள். ஏன் பார்க்கக்கூடாது? நாங்கள் படித்த பள்ளியில் திக்தே என்று ஒன்று உண்டு. மெத்ரு வாசிப்பார், நாங்கள் எழுதவேண்டும். உச்சரிப்புக் குறி விட்டால் அரை மதிப்பெண், சொல்லே விட்டுப்போனால் முழுசாக ஒரு ஃபோத். "மெசியே, அர்த்தம் மாறவில்லையே" என்று ஒரு பையன் வாதாடினான். "நான் உன்னிடம் அர்த்தத்தையா கொடுத்தேன்? சொல்லைக் கொடுத்தேன், சொல்லைத் திருப்பிக் கொடு" என்றார் அவர். அந்தப் பதில் எனக்கு உத்தியோகம் முழுவதும் உதவியது.

உத்தியோகத்தில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன், விளையாட்டை மட்டமாக நினைக்கிறவர்களுக்காக. நம் ஊர் எத்தா சிவில் பதிவேடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பிரெஞ்சுக்காரர் முறையில் பிறப்புப் பதிவின் ஓரத்தில் பிறகு நடந்ததெல்லாம் குறிக்கப்படும். கல்யாணம், விவாகரத்து, தகப்பன் பின்னால் வந்து இது என் பிள்ளை என்று ஒப்புக்கொண்டது, எல்லாம் ஓரத்தில்தான். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருவர் சொத்து வழக்குக்காகத் தன் பிறப்புப் பத்திரத்தின் ஆங்கில மொழிபெயர்ப்போடு வந்தார். ஏதோ ஓர் அலுவலகத்தில் யாரோ செய்து முத்திரை போட்டுக் கொடுத்தது. நடுவில் இருந்ததை ஒரு எழுத்து விடாமல் பெயர்த்திருந்தார்கள். ஓரத்தைத் தொடவில்லை. அவருடைய அப்பன் பெயர் ஓரத்தில் இருந்தது. அந்தத் தாளின்படி அவர் தகப்பன் இல்லாத பிள்ளை, பங்கு கேட்க வாசற்படி ஏற முடியாது. மூலத்தை எடுத்து அவருக்குக் காட்டினேன். நகலை ஒழுங்காகப் பெற்று வழக்கை நேராக்க அவருக்கு ஒன்றரை வருடம் ஆயிற்று. "கட்டாயமானது எல்லாம் இருக்கிறதே" என்றுதான் அந்த முத்திரை போட்டவரும் நினைத்திருப்பார்.

வண்டிக்குள் நடக்கும் பேச்சும் அப்படி ஓரத்தில் இருப்பதுதான். அதில் யாருடைய அப்பன் பெயர் இருக்கிறது என்று, எடுக்கிறவனுக்குத் தெரியாது.

எங்கே வலிக்கிறது என்று காட்டுகிறேன். 1990-ல் இல்லாத ஆறாவது அத்தியாயம் ஒன்றை 2001-ல் சேர்த்தார்கள், டிஎஸ்ஸிலும் அது இருக்கிறது. (கதையைத் தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் இந்தப் பத்தியையும் அடுத்ததையும் தாண்டிவிடுங்கள்.) எதிரித் தலைவன் பெயர் சாரோ. அவனுக்கு ரோஸ் என்று ஒரு காதலி, வனதேவதை இனம். அவள் கண்ணீர் மாணிக்கமாக மாறும். அதற்காக மனிதர்கள் அவளை அடித்து அழவைப்பார்கள். கடைசியில் மனிதர் கையாலேயே சாகிறாள், அவன் வெறி பிடித்து உருவமும் அறிவும் கெட்டுப்போகிறான். மூலத்தில் அவனைக் கொன்று கதை முடியும். புதிய அத்தியாயத்திலோ, உலகமரத்தில் பூக்கும் அபூர்வமான ஒரு பூ கிடைக்கிறது, இறந்தவரை எழுப்பும். நம் நாயகன் அதைக் கொண்டுபோய் ரோஸை எழுப்புகிறான். சாரோவுக்கு அறிவு திரும்புகிறது. இதற்கெல்லாம் மூலகாரணமான ஆமன் என்பவனை அழிக்க, அவன் நம்மோடு அதே வண்டியில் ஏறிக்கொள்கிறான்.

எலைசாவுக்கு அந்தப் பூ கிடையாதா? நாயகனுக்காகச் செத்தவள் அவள். ஜப்பானிலும் இதைக் கேட்டுச் சண்டை போட்டவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் இந்த ஆறாம் அத்தியாயம் தேவையில்லாத ஒட்டுவேலை, பூவைத் தப்பான வீட்டில் கொடுத்துவிட்டார்கள். அது என் அபிப்பிராயம், மாற்றுக் கருத்து இருக்கலாம். ஆனால் எப்படிப் பார்த்தாலும் கதையிலேயே கனமான இடம் இதுதான். ஊரை அழித்தவன் வண்டியில் ஏறி உட்காருகிறான். அவன் பக்கத்தில் மாயாவும் மீனாவும் இருக்கிறார்கள். இவர்கள் அப்பாவைக் கொன்றவன் அந்த எதிரிப் படையில்தான் போய்ச் சேர்ந்திருந்தான். நாயகன் பேசமாட்டான். அப்படியானால் மற்ற ஏழு பேர் என்ன நினைக்கிறார்கள்? யார் நகர்ந்து இடம் கொடுத்தது, யார் முகத்தைத் திருப்பிக்கொண்டது? சாரோ என்ன சொல்கிறான்? ஜப்பானியப் பிள்ளை பொத்தானை அழுத்துகிறான், ஒவ்வொருவராகப் பேசுகிறார்கள். பிரெஞ்சுப் பிள்ளை அழுத்துகிறான், ஒன்றும் இல்லை. மன்னிப்பு என்பதைப் பற்றிய ஓர் அத்தியாயத்தைச் சேர்த்துவிட்டு, மன்னிக்கவேண்டியவர்களின் வாயை அடைத்துவிட்டார்கள். இதைவிட அபத்தம் இருக்க முடியுமா?

இப்போது மூன்று பதிப்புகளையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். 1990-ல் கூட்டாளிகள் சொன்ன பேச்சைக் கேட்கமாட்டார்கள், ஆனால் சுயபுத்தி இருந்தது. 2001-ல் சுயபுத்திக்குக் கடிவாளம் போட்டு, பதிலுக்குப் பேச்சைக் கொடுத்தார்கள். நியாயமான பேரம்தான். 2008-ல் மேற்கே அனுப்பியதில் கடிவாளம் அப்படியே இருக்கிறது, பேச்சைப் பிடுங்கிக்கொண்டார்கள். மிஞ்சியது சொன்னதைச் செய்யும் ஏழு ஊமைகள். இந்த மாதிரி ஊழியர்களைத்தான் சில மேலதிகாரிகள் விரும்புவார்கள் என்பது எனக்குத் தெரியும். விளையாட்டிலுமா?

ஆறு வருடம் கழித்து, 2014-ல், கைபேசிக்கு இதே விளையாட்டைக் கொண்டுவந்தபோது ஆங்கிலத்தில் பேச்சைச் சேர்த்தார்கள். என் மருமகன் அதை என் கைபேசியில் ஏற்றிக் கொடுத்தார். காதுகேளாத ஒருவருக்குத் திடீரென்று காது திறந்தது போல இருந்தது. நான் ஏற்கெனவே கடந்து வந்த அதே ஊர்கள், அதே தெருக்கள். ஆனால் இப்போது இளவரசிக்கு அலுப்புத் தட்டியது தெரிகிறது, கிழவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டது தெரிகிறது. முதல் தடவை பதினைந்து நிமிடத்தில் தாண்டிய ஓர் ஊரில் ஒரு மணி நேரம் இருந்தேன். எல்லோரும் என்ன சொல்கிறார்கள் என்று கேட்பதற்காகவே வீட்டுக்கு வீடு நுழைந்தேன். இதே விளையாட்டைத்தான் நான் ஏற்கெனவே ஆடி முடித்தேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

சேர்த்தார்களே, அப்புறம் என்ன புகார் என்று கேட்பீர்கள். டிஎஸ் அட்டையை வாங்கியவர்களுக்கு அதனால் என்ன ஆயிற்று? அவர்கள் கையில் இருப்பது இன்னும் அதே ஊமை அட்டைதான். அது புத்தகம் மாதிரி, ஒருமுறை அச்சாகிவிட்டால் அவ்வளவுதான். பெட்டியோடு சேர்த்துப் பத்திரப்படுத்துகிறவர்கள், பிற்காலத்தில் பிள்ளைகளிடம் கொடுக்கிறவர்கள் எல்லோரும் அதைத்தான் கொடுப்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு நான்காவது டிராகன் குவெஸ்ட் என்றால் பேசாத கூட்டாளிகள்தான். விட்டுப்போனது என்ன என்று அட்டையில் ஒரு வரி எழுதியிருந்தால்கூட என் கோபம் பாதியாகக் குறைந்திருக்கும். தாசில்தார் ஆபீஸ் நகலில்கூட 'சிதைந்துள்ளது' என்று ஒரு வார்த்தை எழுதுவார்கள்.

இப்போது இந்த வரிசையைத் திரும்பவும் முதலிலிருந்து புதிதாகச் செய்துவருகிறார்கள். மூன்றாவது 2024-ல் வந்தது, முதலும் இரண்டும் 2025-ல். நான்காவதின் முறையும் என்றாவது வரும். படம் இன்னும் பளபளப்பாக இருக்கும், கடலில் அலை அடிக்கும், மரத்தில் இலை ஆடும். ஆடட்டும். எந்த மொழியில் கொண்டுவருகிறார்களோ அந்த மொழியில் வண்டிப் பேச்சை முதலில் முடித்து வைத்துவிட்டு, பிறகு இலையை ஆட்டட்டும். பணம் போதவில்லை என்றால் இலையை நிறுத்திக்கொள்ளட்டும்.

நம்மில் யாராவது ஆடிப் பார்க்க நினைத்தால் டிஎஸ் அட்டையைத் தேடி அலையவேண்டாம், கைபேசிப் பதிப்பை ஏற்றிக்கொள்ளுங்கள். எழுத்து கொஞ்சம் சின்னது, படிக்கும் கண்ணாடி வேண்டும். ஒரே கையால் ஆடும்படி அமைத்திருக்கிறார்கள், சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஆடலாம். முதல் இரண்டு அத்தியாயத்தில் சலிப்புத் தட்டினாலும் மூன்றாவது வரை போங்கள். காலையில் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கடைக்குப் போகவேண்டும், மாலையில் பங்கை வாங்காமல் வீட்டுக்கு வந்துவிடக்கூடாது.